தோட்டத்துக்கு வேலை உடுப்பு எடுத்த அனுபவம்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்க்கிறேன். பாதுகாப்பு உடுப்பு வாங்க நிர்வாகம் சம்மதித்தபோது தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேலே இருந்து வந்த யோசனை, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய தடித்த ஓவரோல் ஒன்றை எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கொடுக்கலாம் என்பது. எனக்கு அது சரிப்படவில்லை. கொழுந்து எடுப்பவருக்கும் மருந்து அடிப்பவருக்கும் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் ரோலர் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து ஒன்றா?

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய், மாதிரிகளைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு அக்கா கையுறையைக் கழற்றி நீட்டிவிட்டு, "ஐயா, இதோட கொழுந்து எடுத்தா பேர் போட ஏலாது, விரல் நுனிக்குத் தளிர் தெரியணும்" என்றார். பேர் என்பது முழு நாள் சம்பளக் கணக்கு. அவர் சொன்னது நியாயம். கொழுந்து எடுப்பவர்கள் கேட்டது நல்ல மழைக்கோட்டு, இடுப்பில் சுற்றிக் கட்டக் கிழியாத படங்கு, அட்டை ஏறாத நீளக் காலுறை, சரிவில் வழுக்காத பூட்ஸ். இதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதிக நேரம் எடுத்தது மருந்து அடிப்பவர்களின் உடுப்புக்குத்தான். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு ஏறும்போது மூடியில் கசிந்தாலே முதுகு நனைந்துவிடும், சாதாரணப் பருத்திச் சட்டை அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துவிடும், அதனால் முதுகுப் பக்கம் நீர் ஊடுருவாத துணி கட்டாயம் என்றேன். தோல் கையுறையும் தோல் பூட்ஸும் மருந்தைக் குடித்துக்கொள்ளும், வேண்டாம். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறையில், இரசாயனம் தாங்கும் என்பதற்கான ஈஎன் 374 என்ற ஐரோப்பியத் தரக் குறி இருக்கிறதா என்று பார்த்து எடுத்தோம். காற்சட்டைக் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே சொருகினால் வழிகிற மருந்து நேரே பாதத்துக்குப் போகும். களைக்குக் கை தாழ்த்தி அடிப்பதால் சட்டைக் கை கையுறைக்கு மேலே வர வேண்டும். தூசி மாஸ்க் மருந்து ஆவிக்குப் போதாது என்பதையும் விற்பவரிடம் வாதாடியே புரியவைத்தேன்.

ஸ்டோருக்கு எடுத்தது இறுக்கமான கைப்பட்டி உள்ள கோட்டு, தலைமுடி முழுக்க மறைகிற தொப்பி. மேல் பொக்கட்டே வேண்டாம் என்றேன், பேனாவோ பட்டனோ தேயிலையில் விழக்கூடாது. சேலை முந்தானையோ துப்பட்டாவோ ரோலரில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம்தான் பெரிய சண்டை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மே முதல் செப்டெம்பர் வரை இங்கே துணி காய்வது லேசில் நடக்காது. ஒரே ஒரு விலை கூடிய செட் கொடுத்தால் மறுநாள் ஈரத்தோடு போடுவார்கள், இல்லை பழைய சட்டைக்கே திரும்பிவிடுவார்கள். நடுத்தர விலையில் ஆளுக்கு இரண்டு செட் கேட்டேன். மருந்து உடுப்பை லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, எடுத்துப்போய்ப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கக்கூடாது, மருந்துக் களஞ்சியத்தின் அருகிலேயே துவைக்கத் தொட்டியும் காயப்போடக் கூரையும் வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதினேன். இழுபறிக்குப் பிறகு இரண்டுக்கும் சரி என்றார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: அளவை ஆண்களின் சைஸ் அட்டவணையை வைத்து முடிவு செய்யாதீர்கள், பெண்களின் பாதத்தைத் தனியாக அளந்து கொடுங்கள். பெரிய பூட்ஸ் சரிவில் காலை மடக்கிவிடும். எங்களுக்குச் சின்ன சைஸ் பூட்ஸ் இன்னும் வரவில்லை, கடைக்காரரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.