வந்தவர்களை மட்டும் எண்ணினோம்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "சுகாதாரத் துறையில் புள்ளிவிவரம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கப் போனால் கேட்டவர் நெளிய ஆரம்பித்துவிடுவார். எச்.ஐ.வி. தடுப்புக்காக ஆண்கள் தாமாக முன்வந்து செய்துகொள்ளும் முன்தோல் நீக்க அறுவை சிகிச்சை எத்தனை பேரைச் சென்றடைந்திருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் சாம்பியாவின் தெற்கு மாகாணத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட பணி. மசபுகா, மோன்ஸே, சோமா என்று லுசாகாவிலிருந்து லிவிங்ஸ்டன் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களின் சுகாதார நிலையங்கள் என் பொறுப்பில் இருந்தன.

இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் ஆகிய மூன்று இடங்களில் பெரிய அளவில் பரிசோதனைகள் நடந்தன. முதலாவதன் முடிவு 2005இல் வெளியானது. மற்ற இரண்டும் 2006 டிசம்பரில், பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால், முன்கூட்டியே நிறுத்தப்பட்டன. பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைகிறது என்பது முடிவு. முன்தோலின் உட்புறத்தில் எச்.ஐ.வி. எளிதில் பற்றிக்கொள்ளும் செல்கள் நிறைய இருக்கின்றன. அந்தத் தோலே போய்விட்டால் நுழைவாயிலின் பெரும்பகுதி அடைபடுகிறது. 2007 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. எய்ட்ஸ் திட்டமும் இதைப் பரிந்துரைத்தன. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் 14 நாடுகள் முன்னுரிமை நாடுகளாயின. 2015க்குள் 15 முதல் 49 வயது ஆண்களில் 80 சதவீதம் பேர் என்று இலக்கு வைத்தார்கள். அதற்கு 2 கோடிக்கும் அதிகமான அறுவை சிகிச்சைகள் வேண்டும். நடந்தது சுமார் 1.16 கோடி. அடுத்த ஐந்தாண்டுக்கு 2.5 கோடி என்றார்கள், 1.8 கோடி வரை வந்தது.

இதைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மின்சாரம் அடிக்கடி போகும் நிலையங்களில், பயிற்சி பெற்ற செவிலியர்களே கத்தி பிடித்து, இத்தனை கோடி பேருக்குச் செய்து முடித்தது பெரிய காரியம். என் சந்தேகம் வேறு. அந்தக் கோடிகளில் யார் யார் இருக்கிறார்கள்?

அறுவை சிகிச்சைகளை எண்ணுவதில் சிரமமே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம், அறுவை அறையில் ஒரு பெரிய பதிவேடு. பெயர், வயது, எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டாரா, எந்த முறையில் அறுவை, இரண்டாம் நாளும் ஏழாம் நாளும் திரும்பி வந்தாரா, ரத்தக்கசிவோ சீழோ உண்டா என்று வரிசையாகப் பத்திகள். மாதக் கடைசியில் அதைக் கூட்டிச் சுருக்க அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கை மாவட்ட அலுவலகத்தில் கணினிக்குள் போகும். பதிவேடு, அறிக்கை, கணினி மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் என் வேலையில் பாதி. பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் ஐந்து, பத்து வித்தியாசம் எனக்கு ஒரு பொருட்டில்லை.

என் கண் எப்போதும் வயதுப் பத்தியில்தான் நிற்கும். ஒரு பக்கத்தை விரித்தால் 12, 11, 13, 14, 12 என்று கீழே போய்க்கொண்டே இருக்கும். நடுவில் எங்கோ ஒரு 30. பெரியவர்களின் வயதெல்லாம் 20, 25, 30, 35 என்று ஐந்தின் மடங்குகளில் வந்து குவியும். கேட்பவருக்கும் அவசரம், சொல்பவருக்கும் தோராயம். 2020இல் உலக சுகாதார நிறுவனம் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே இந்தச் சிகிச்சையை அளிக்கலாம் என்று வழிகாட்டுதலைத் திருத்தியது. சிறுவர்களுக்கு உறுப்புக் காயம் போன்ற சிக்கல்கள் ஏற்பட்டதே அதற்குக் காரணம். அதன் பிறகு பதிவேடுகளில் 15 வயதுக்காரர்கள் திடீரென்று பெருகினார்கள். ஒரு நிலையத்தில் 4ஐ 5 ஆக்கியிருந்த இடத்தில் மை தடித்து, காகிதம் லேசாகக் கிழிந்தே இருந்தது. செவிலியரிடம் காட்டினேன். "பையன்தான் 15 என்று சொன்னான். பிறப்புச் சான்றிதழ் கேட்க நாங்கள் என்ன போலீஸா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஆண்டு முழுவதும் ஒரே சீராக எண்ணிக்கை வராது. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று பள்ளி விடுமுறை மாதங்களில் முகாம்கள் நடக்கும். அதிலும் ஆகஸ்ட் குளிர் மாதம். குளிரில் புண் சீக்கிரம் ஆறும் என்பது அந்தப் பகுதி நாடுகள் பலவற்றில் பரவலான நம்பிக்கை. வரைபடத்தில் ஆகஸ்டுக்கான கோடு மட்டும் செங்குத்தாக எழும். ஆண்டு இலக்கின் பெரும்பகுதி அந்த ஒரு மாதத்தில் நிறைவேறிவிடும். நண்பர்களோடு கைகோத்து, சிரித்துக்கொண்டு, கொஞ்சம் பயந்துகொண்டு வரும் பையன்களால் வளாகம் நிரம்பும். அவர்கள் வருவது நல்லதுதான். பத்தாண்டு கழித்துப் பலன் தரும். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் புதிய தொற்றைக் குறைக்க வேண்டுமானால் 20 முதல் 34 வயதுக்காரர்களுக்குச் செய்வதே விரைவாகப் பலன் தரும் என்று கணித மாதிரிகளைக் கொண்டு செய்த கணிப்புகள் காட்டின. இலக்கோ தலைகளை மட்டும் எண்ணியது. பன்னிரண்டு வயதுத் தலையும் முப்பது வயதுத் தலையும் அதற்கு ஒன்றுதான். எது எளிதில் கிடைக்குமோ அதைத்தான் களப்பணியாளர்கள் தேடிப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முப்பது வயதுக்காரர்கள் ஏன் வரவில்லை என்பதை மசபுகாவின் கரும்புத் தோட்டங்களில்தான் ஓரளவு புரிந்துகொண்டேன். அறுவடை ஏப்ரல் வாக்கில் தொடங்கி ஆண்டுக் கடைசி வரை நீளும். குளிர் மாதங்கள் முழுவதும் அதற்குள் அடக்கம். முகாம் உச்சத்தில் இருக்கும்போது கரும்பு வெட்டும் வேலையும் உச்சத்தில் இருக்கும். தையலோடு குனிந்து நிமிர்ந்து வெட்டரிவாள் வீச முடியாது. "ஒரு வாரம் வெட்டாவிட்டால் அந்த வாரக் கூலியை நீங்களா தருவீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். ஆறு வாரம் உடலுறவு கூடாது என்ற நிபந்தனையையும் அவர் மறக்காமல் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எச்.ஐ.வி. பரிசோதனையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் செய்துகொள்ளலாம் என்று சொன்னபோது மட்டும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதே தோட்டங்கள்தான் என் வகுத்தல் கணக்கையும் குலைத்தன. எத்தனை பேருக்குச் செய்தோம் என்பது மேலே. எத்தனை பேருக்குத் தேவை என்பது கீழே. கீழே போடும் எண் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து முன்கூட்டி மதிப்பிட்டது. வெளி மாகாணங்களிலிருந்து அறுவடைக்கு வந்து போகிறவர்களின் பெயர் சொந்த ஊர்க் கணக்கில் இருக்கும், சிகிச்சை இங்கே நடந்திருக்கும். ஒரு நிலையத்தில் நூற்றுக்கு நூறையும் தாண்டிய சதவீதம் வந்தது. அதைப் பார்த்துக் கூட்டத்தில் கைதட்டியவர்களும் உண்டு!

சரி, வீடு வீடாகக் கேட்டுவிடலாமே என்று தோன்றும். மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் கேட்கத்தான் செய்கிறார்கள். சாம்பியாவில் 2007இல் 13 சதவீத ஆண்களும் 2013–14இல் 22 சதவீத ஆண்களும் முன்தோல் நீக்கம் செய்துகொண்டதாகச் சொன்னார்கள். இந்த வளர்ச்சி திட்டத்தின் வெற்றியைக் காட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வடமேற்கு மாகாணத்தின் லுவாலே, லுண்டா மக்களிடம் சிறுவர்களுக்கு முன்தோல் நீக்கும் 'முகாண்டா' என்ற சடங்கு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஆய்வில் அவர்களும் 'ஆம்' என்பார்கள். எங்கள் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. சடங்கில் தோல் முழுவதும் எடுக்கப்படுகிறதா என்பது இன்னொரு கேள்வி. லெசோத்தோவில் ராணுவத்தில் சேர வந்தவர்களைப் பரிசோதித்துப் பார்த்தபோது, 'செய்தாயிற்று' என்று சொன்னவர்களில் கணிசமானோருக்கு முன்தோல் பகுதியாகவோ முழுதாகவோ இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. சடங்கை முடித்தவர்கள் என்ற பொருளில் உண்மையைத்தான் சொன்னார்கள்.

விளம்பரம் போதவில்லை, இன்னும் பெரிதாகச் செய்தால் வந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது சொல்வார். அவர்களுக்கு நான் சுவாசிலாந்தைத்தான் (இன்றைய எஸ்வாட்டினி) நினைவூட்டுவேன். 2011இல் 'சோகா உன்கோபே' என்ற பெயரில் அங்கே நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. ஓராண்டுக்குள் ஒன்றரை லட்சம் ஆண்கள் என்பது குறிக்கோள். மருத்துவர்கள், கூடாரங்கள், பதாகைகள் எல்லாம் தயாராக இருந்தன. வந்தவர்கள் 11,000 சொச்சம்.

நான் பார்த்தவற்றில் நேர்மையான அளவீடு என்றால் கென்யாவின் நியான்சாவில் நடந்த ஒரு பரிசோதனைதான். அதன் முடிவு 2014இல் வெளியானது. 25 முதல் 49 வயது ஆண்களைக் குழுக்களாகப் பிரித்து, சிகிச்சை செய்துகொண்டால் உணவுக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். 1,200 ஷில்லிங் கூப்பன் என்ற குழுவில் இரண்டு மாதத்தில் 9 சதவீதம் பேர் செய்துகொண்டார்கள்; 700 ஷில்லிங்குக்கு 6.6 சதவீதம், கூப்பன் இல்லாத குழுவில் 1.6 சதவீதம். பரிசைவிட, இழந்த கூலிக்கு ஈடு என்று அதைப் பார்ப்பதே சரி. எனக்குப் பிடித்தது அந்த விகிதங்களின் கீழ்ப்பகுதி. யாரிடம் கேட்டார்கள் என்பது ஒருவர் விடாமல் தெரியும். அதனால் நூற்றில் வராத 91 பேரும் கணக்கில் இருக்கிறார்கள்.

எங்களிடம் அது இல்லை. களப்பணியாளர்கள் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டு அந்தக் குறையை நிரப்பும் என்று நம்பினோம்: எத்தனை சீட்டு கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது என்று பார்த்தால் போதுமே. திரும்பி வந்த சீட்டுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்தபோது அதுவும் கெட்டது. எப்படியும் வரப்போகிற பையன்களுக்கு நிலையத்தின் வாசலிலேயே சீட்டு கொடுத்தார்கள்.

பிறகு ஒரு நிலையத்தில் வரவேற்பு மேசையில் சாதாரண நோட்டு ஒன்றை வைத்தோம். உள்ளே வந்து, அறுவை செய்துகொள்ளாமல் திரும்பியவர்களை மட்டும் அதில் எழுத வேண்டும்: வயது, காரணம். முதல் பக்கத்திலேயே ஒரு காரணம் மீண்டும் மீண்டும் வந்தது. தாய்சேய் நலப் பிரிவின் வரிசையை ஒட்டித்தான் ஆண்களின் பெஞ்சு இருந்தது. கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு எதிரே, சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார வளர்ந்த ஆண்களுக்குக் கூச்சம். இதைக் கண்டுபிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. அந்த பெஞ்சைத் தாண்டித்தான் நாங்கள் ஒவ்வொரு முறையும் பதிவேட்டைப் பார்க்கப் போயிருக்கிறோம்.

நிலையப் பொறுப்பாளர் சனிக்கிழமை பிற்பகலை ஆண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார். பள்ளிப் பையன்களை வார நாட்களுக்கு மாற்றினார். 25 வயதுக்கு மேற்பட்டவர்களின் பங்கு மெல்ல ஏறியது. சனிக்கிழமை பணிக்கு ஆட்களை ஒதுக்கியதால் வார நாட்களில் ஒரு மேசை குறைந்தது. அந்தக் காலாண்டின் மொத்த எண்ணிக்கை இறங்கியது. ஏன் சரிவு என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வயதுவாரி அட்டவணையையும் நோட்டின் நகலையும் இணைத்து, இரண்டு பக்கத்துக்கு விரிவாகப் பதில் எழுதினேன். மறுவாரம் பதில் வந்தது. கிடைத்தது, நன்றி என்று ஒரு வரி. அதன் கீழே ஆகஸ்ட் முகாமுக்கான புதிய இலக்கு, வயது பிரிக்காமல், ஒரே எண்ணாக.