நெளிவார் என்று நாமே முடிவு கட்டுவது

கடன், மணமுறிவு, மனநோய், குழந்தையின்மை. பேச்செடுத்தால் எதிரில் இருப்பவர் நெளிவார் என்று நாமே முடிவு கட்டிவிட்டு, வெயிலையும் மழையையும் பேசிக் கலைகிறோம். கர்தாஸ், குமார், எப்லி ஆகிய ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களை மனம்விட்டுப் பேச வைத்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குச் சங்கடம் ஏற்படவில்லை. பேசியவர் நினைத்ததைவிடக் கேட்டவர் அதிக அக்கறை காட்டினார்.

எனக்கு இதில் வியப்பில்லை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வதை யார் அண்ணனிடம் சொல்கிறார்கள்? அந்நியர் இறங்கிப் போய்விடுவார். உறவினரிடம் சொன்னதோ அடுத்த கல்யாண வீட்டில் நமக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும். பேசாதவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள்மீதுதான் கோபம். "மனம்விட்டுப் பேசு" என்று அறிவுரை சொல்பவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்!