ஸ்பெஷல் ஸ்கூலா நார்மல் ஸ்கூலா? ரெண்டுலயும் படிச்சவ சொல்றேன்

எனக்கு பிறவியிலேயே பார்வை கிடையாது. எட்டாவது வரைக்கும் பார்வையற்றோர் ஸ்கூல் ஹாஸ்டல், ஒன்பதாவதுல இருந்து பிளஸ் டூ வரை எங்க ஊர் கவர்மென்ட் ஸ்கூல், இப்போ பிஏ ஹிஸ்டரி. புள்ளைய எங்க சேர்க்கறதுன்னு நிறைய அம்மாக்கள் கேக்கறாங்க, அவங்களுக்குதான் இது. பார்வை சம்பந்தமா மட்டும்தான் சொல்றேன், காது கேக்காத புள்ளைங்க கணக்கே வேற.

மொதல்ல சட்டம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி 40 சதவீதமோ அதுக்கு மேலயோ பாதிப்புன்னு சர்டிஃபிகேட் இருந்தா 6 வயசுல இருந்து 18 வரைக்கும் பக்கத்து ஸ்கூலோ ஸ்பெஷல் ஸ்கூலோ எது வேணுமோ அதுல இலவசமா படிக்கலாம். எதுன்னு முடிவு பண்றது நாமதான், ஹெச்எம் இல்ல.

என்னோட அபிப்பிராயம், சின்ன வயசுல ஸ்பெஷல் ஸ்கூல். காரணம் பிரெய்ல், அதாவது விரலால தடவிப் படிக்கற புள்ளி எழுத்து. ஆறு புள்ளிதானேன்னு தோணும், ஆனா ஸ்லேட்ங்கற கட்டம் போட்ட சட்டத்துல பேப்பர வச்சு, ஸ்டைலஸ்ங்கற ஊசியால வலது பக்கத்துல இருந்து குத்திக்கிட்டே வரணும், பேப்பரத் திருப்பி இடமிருந்து வலமா தடவிப் படிக்கணும், இது விரலுக்கு வர தினமும் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து சொல்லித்தரணும். நார்மல் ஸ்கூலுக்கு சிறப்பாசிரியர் வருவாங்க, ஆனா பல ஸ்கூலுக்கு ஒருத்தரேங்கறதால எங்க ஊருக்கு எப்பவாவதுதான் வந்தாங்க. போன்ல கேட்டே படிச்சுக்கலாமேன்னு இப்போ எல்லாரும் சொல்றாங்க, கேட்டு மட்டும் படிச்ச புள்ளைக்கு எங்க ழ, எங்க ள, எங்க பெரிய ற வரும்னே தெரியாது, தமிழ் பேப்பர்ல ஸ்க்ரைப் (நாம சொல்லச் சொல்ல பரீட்சை எழுதறவங்க) நிறுத்தி கேட்டா முழிக்கணும். அபாகஸ், டெய்லர் ஃபிரேம்ல (குழியில சின்ன அச்சுகள சொருகற பலகை) கணக்கு, வெள்ளைக் கோல் பிடிச்சு தனியா நடக்கறது எல்லாமே நான் அங்க கத்துக்கிட்டதுதான். (ஹாஸ்டல் சாம்பார் பத்தி கேக்காதீங்க.)

அப்பறம் ஏன் மாறினேன்னா, அங்க பிளஸ் டூல ஒரே ஒரு ஆர்ட்ஸ் குரூப்தான், வெளி உலகத்துல பழகவும் ஆளு கிடையாது. மாறறதா இருந்தா ஒன்பதாவதுலயே மாறுங்க, பிளஸ் ஒன் வரைக்கும் காத்திருக்காதீங்க. ஒன்பதாவதுல பப்ளிக் எக்ஸாம் இல்ல, டீச்சருங்க நம்மள புரிஞ்சுக்க ஒரு வருஷம் கிடைக்கும், அந்த வருஷம் கண்டிப்பா தேவைப்படும். கணக்கு சார் போர்டுல எழுதிட்டு "இதையும் அதையும் கூட்டினா இது வரும்"னு சொல்லிட்டுப் போயிடுவாரு. எழுதறத வாய்விட்டு சொல்லுங்க சார்னு மொத வாரமே கேட்டுடணும், நான் கேட்டேன், அப்பறம் பின் பெஞ்ச் பசங்களுக்கும் நல்லா புரிய ஆரம்பிச்சது, அதுல எனக்கு மவுசு கூடிடுச்சு. பாடப்புத்தக பிடிஎஃப் சிலது ஃபான்ட் பிரச்சினையால ஸ்க்ரீன் ரீடர்ல (திரையில இருக்கறத வாசிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்) உளறும், ஓசிஆர் (படத்துல இருக்கற எழுத்த டெக்ஸ்ட்டா மாத்தற வசதி) போட்டு யூனிகோடா மாத்திக்கோங்க. கம்ப்யூட்டர்ல என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர் இலவசம்தான்.

பப்ளிக் எக்ஸாம்ல ஸ்க்ரைப் உண்டு, கூடுதலா ஒரு மணி நேரம் உண்டு, ஆனா தானா வந்துடாது. மெடிக்கல் சர்டிஃபிகேட்டோட ஸ்கூல் மூலமா அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு முன்னாடியே அப்ளை பண்ணணும், ஆர்டர் கைக்கு வந்துச்சான்னு ஆபீஸ்ல போய் கேட்டுக்கிட்டே இருங்க. ஸ்க்ரைபுக்கு சொல்றது தனி வித்தை. மனசுல பதில் ஓடற வேகத்துல சொன்னா அவங்க பாதியத்தான் எழுதுவாங்க, அதனால வாக்கியம் வாக்கியமா, கமா, புதுப் பத்தி, அடிக்கோடு உட்பட சொல்லிப் பழகணும், அரைப் பரீட்சையில இருந்தே வேற வேற ஆள வச்சு எழுதிப் பாருங்க, ஏன்னா பப்ளிக்ல வர்றவங்க முன்பின் தெரியாதவங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேள்வித்தாள முழுசா ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்க, நேரம் போகுதேன்னு பயப்படாதீங்க, கூடுதல் நேரம் இருக்கறதே இதுக்கெல்லாம்தான்.

பிளஸ் டூ முடிக்கறதுக்குள்ள யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வாங்கி வச்சுக்கோங்க. அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்ல குறைஞ்சது 5 சதவீத சீட் நமக்கு இருக்கு, அப்ளிகேஷன்ல அந்தக் கட்டத்துல டிக் அடிச்சிருக்கான்னு யாரையாவது ரெண்டு தடவை படிக்கச் சொல்லி கேட்டுட்டு சப்மிட் பண்ணுங்க.