என் ஆந்தை மொபைல் கவரில் போய் உட்கார்ந்த கதை

தோழி ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, "இது நீ வரைந்தது மாதிரியே இருக்கே" என்றாள். மாதிரி என்ன, என்னுடையதேதான். கையெழுத்தை வெட்டி, படத்தை இடவலமாகத் திருப்பி, யாரோ மொபைல் கவரில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். இடது சிறகில் ஓர் இறகை நான் தவறுதலாக எதிர்ப்பக்கம் வளைத்து வரைந்திருந்தேன். அந்தத் தப்பும் அப்படியே வலது சிறகில் இருந்தது.

ஆத்திரத்தில் விற்பவருக்கு நேராகத் திட்டி எழுதினேன். அதைத்தான் செய்திருக்கக் கூடாது. மறுநாள் அந்தப் பக்கத்தைக் காணோம், வேறு பெயரில் வேறு பக்கம் முளைத்திருந்தது. இந்தத் தடவை முதலில் இணைப்பையும் தேதி தெரிகிற மாதிரி படத்தையும் சேமித்துக்கொண்டேன்.

அப்புறம் இரண்டு சந்தேகங்கள். நான் எங்கேயும் பதிவு செய்யவில்லையே? தேவையில்லையாம். 1886ல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தில் (படைப்பாளிகளின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தம்) உள்ள நாடுகளில் படைத்ததுமே பதிப்புரிமை நமக்கு வந்துவிடும் (வழக்குப் போடுவதென்றால் சில இடங்களில் பதிவு கேட்பார்கள்). மூல ஓவியத்தை விற்றுவிட்டேனே? அதனாலும் உரிமை போகாது. ஓவியம் வாங்கியவருடையது, பிரதி எடுக்கும் உரிமை, எழுதிக் கொடுக்காதவரை, வரைந்தவருடையது. பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி, 'எல்லா உரிமைகளும்' என்று எங்கேயும் ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சே வந்தது.

விற்பவரை விட்டுவிட்டு, கடையை நடத்தும் தளத்துக்கே நீக்கல் கோரிக்கை அனுப்பினேன். அது அமெரிக்கத் தளம் என்பதால் டிஎம்சிஏ என்ற 1998ன் அந்நாட்டு இணையப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதினேன்: என் படம் எது, திருட்டுப் படத்தின் இணைப்பு எது, சொல்வது உண்மை என்ற உறுதிமொழி, கையெழுத்து. பென்சில் ஓவியத்தையும் பாதி முடித்தபோது எடுத்த புகைப்படங்களையும் கூடவே வைத்தேன், அந்த இறகை வட்டமிட்டு. நம் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகலாம், அதனால் வேலைக்கென்று தனி முகவரி இருப்பது நல்லது.

நான்காம் நாள் நீக்கிவிட்டார்கள். விற்பவர் தளத்துக்கு மறுப்பு அனுப்பி, நான் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் படம் திரும்ப வந்துவிடலாம் என்பதால் தினமும் போய்ப் பார்த்தேன். வரவில்லை. ஆனால் அதே கடையில் கையெழுத்து பாதி வெட்டப்பட்ட ஒரு மீன் இருந்தது. உரிமையாளரோ அவர் அனுமதித்தவரோதான் கோரிக்கை அனுப்ப முடியும், அதனால் படத்தை வைத்தே தேடி, வரைந்தவரைக் கண்டுபிடித்து, இணைப்போடு எழுதியிருக்கிறேன். கூடவே, விற்பவருக்கு இப்போதைக்கு எதுவும் எழுதாதீர்கள் என்றும்.