1033-க்கு அடித்தேன், வேறு வண்டி வந்தது

தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து. கள்ளக்குறிச்சியில் ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். தாய்மாமன் நான் ஒருத்தன்தான், என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும். சனிக்கிழமை ராத்திரி அம்மா, வீட்டுக்காரி, பொண்ணு, டிக்கி நிறையச் சீர்த்தட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்திலிருந்து கிளம்பினோம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், பின்னால் "ஏன்யா அவ்வளவு காசைக் கொடுத்தே?" என்று யாரும் கேட்கக் கூடாது.

திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது டெம்பரேச்சர் முள் சரசரவென்று ஏறியது. ஓரம் கட்டி பானட்டைத் திறந்தால் ரேடியேட்டர் ஹோஸ் வாய் பிளந்து கூலன்ட் முழுக்க ரோட்டில். மணி 9.50.

முதல் போன் இன்சூரன்ஸ் கம்பெனியின் ரோடு சைடு அசிஸ்டன்ஸுக்கு. சாதாரண கார் பாலிசியில் வண்டியை இழுத்துப் போகும் செலவுக்கு அதிகபட்சம் 1,500 ரூபாய்தான், அதுவும் விபத்து என்றால் மட்டும். நடுவழியில் நின்றுபோனால் பைசா வராது. அதற்காகவே வருஷா வருஷம் தனியாகப் பணம் கட்டி இதைச் சேர்த்திருந்தேன். பதினெட்டு நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, "இரண்டரை மணி நேரத்தில் வண்டி வரும்" என்றார்கள். இருட்டில், லாரி பறக்கிற ரோட்டில், எழுபது வயது அம்மாவை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம்!

அடுத்து 1033. தேசிய நெடுஞ்சாலை உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. சுங்கம் வசூலிக்கிற ரோட்டில் கிரேன், ஆம்புலன்ஸ், ரோந்து வண்டி வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு. முன்பெல்லாம் டோல்கேட்டில் கொடுக்கிற சீட்டிலேயே கிரேன் நம்பர், ஆம்புலன்ஸ் நம்பர் அச்சடித்திருக்கும். ஃபாஸ்டேக் வந்தபிறகு சீட்டும் போச்சு, நம்பரும் போச்சு. பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "கிரேன் அனுப்புகிறோம், ஹேசர்ட் லைட்டை எரியவிட்டு எல்லோரும் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள்" என்றார்கள். இதுவரை எல்லாம் சரி.

பத்து, பன்னிரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேலே மஞ்சள் விளக்கு சுற்ற ஒரு ரெக்கவரி வண்டி வந்து நின்றது. "சார், வண்டி பிரேக்டவுனா?" என்றான் இறங்கினவன். நான் "ஆமாம்பா, வந்துட்டீங்களா!" என்றேன்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான்கு மாதம் அலைந்தேன். "யார் அனுப்பினது? புகார் நம்பர் என்ன?" என்று கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். அவன் பொய்கூடச் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன், அவன் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

கொக்கியைக் கொண்டுபோய்ப் பின்சக்கரத்தில் மாட்டப் போனார்கள். என்னுடையது ஆட்டோமேட்டிக், முன்சக்கரத்தில் ஓடுகிற வண்டி. பின்பக்கத்தைத் தூக்கி முன்சக்கரம் ரோட்டில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் காலி. "நியூட்ரல்ல போடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றான். விடவில்லை நான். கையேட்டை எடுத்து டார்ச் அடித்துப் படத்தையே காட்டினேன். முனகிக்கொண்டே லாரியைத் திருப்பி முன்பக்கம் தூக்கினான். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமைக்கும் ஒரு விலை போட்டிருந்தான், அதைக் காலையில் பார்த்தேன்.

விழுப்புரத்திலிருந்து சித்தப்பா பையன் கார் எடுத்து வந்து வீட்டாரையும் சீர்த்தட்டையும் ஏற்றிப் போனான். நான் லாரி கேபினில். "எவ்வளவுப்பா ஆகும்?" என்று அப்போதுதான் கேட்டேன். "பாத்துக் குடுங்க சார், நம்ம ஆளுங்கதான்" என்றான். ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சாவியையும் கொடுத்தேன். இரண்டும் செய்யக் கூடாதவை, தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள்.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி ஒரு ஷெட். பெயர்ப்பலகை கிடையாது. காரை இறக்கிக்கொண்டிருக்கும்போது போன்.

"சார், 1033 கிரேன் சார். நீங்க சொன்ன கல்லுகிட்டதான் நிக்கிறோம். வண்டியக் காணோமே?"

நான் என்ன பதில் சொல்ல? லாரிக்காரனைப் பார்த்தேன். அவன் ரொம்பக் கவனமாகச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கிரேன் டிரைவர் பாவம், திட்டவில்லை. "கேட்டுட்டு ஏத்தக் கூடாதா சார்? நாங்க ஃப்ரீயாவே ஓரமா பாதுகாப்பா நிறுத்திருப்போமே" என்றார். அவர்கள் ஒர்க்‌ஷாப் வரை இழுத்துவர மாட்டார்கள், ரோட்டிலிருந்து அகற்றிப் பத்திரமான இடத்தில் விடுவதோடு சரி. எனக்கு அன்றைக்கு அது போதும். இன்சூரன்ஸ் வண்டி விடியற்காலை வந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்திருக்கலாம்.

கொசுக்கடியில் ஒரு பெஞ்சில் படுத்திருந்தேன். ஹோஸ் மாற்றிக் கூலன்ட் ஊற்றும்போது காலை ஆறு. 'எஸ்டிமேட்' என்று மட்டும் அச்சடித்த தாளில் கணக்கு வந்தது. ஷெட் பேர் இல்லை, விலாசம் இல்லை. வண்டி தூக்கியது 4,000. 14 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 150 வீதம் 2,100. வண்டியைத் திருப்பித் தூக்கியது 1,500. நைட் பேட்டா 1,500. ஷெட் வாடகை 1,000. ஹோஸ், கூலன்ட், கூலி 3,200. ஆக 13,300. பணமாக மட்டும்.

பதினாலு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? கார் நின்ற இடத்தின் லொகேஷனை ராத்திரியே மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அங்கிருந்து ஷெட்டுக்கு மேப்பில் போட்டுப் பார்த்தால் ஆறு. "சுத்தி வந்தோம் சார்." எங்கே சுத்தினோம்? கேபினில் நானும்தானே உட்கார்ந்திருந்தேன்? ஷெட் முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், பேச்சில் ரொம்ப மரியாதை. "பணத்தைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க சார், உங்களுக்கு முகூர்த்தம் வேற இருக்கு" என்றார். முகூர்த்தத்தை லாரியில் வரும்போது வாய்விட்டு உளறியது நான்தான்.

112-க்கு அடித்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு ஏட்டையா பைக்கில் வந்தார். இரண்டு பக்கமும் கேட்டார். தாளை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஷெட்காரரிடம் நிதானமாகச் சொன்னார்: "நான் பஞ்சாயத்துப் பண்ண வரல. பேரு, அட்ரஸ் போட்ட பில்லு குடு, காசு வாங்கு. பில்லு இல்லன்னா சாவியக் குடு." ஷெட்டில் சத்தமே இல்லை. அப்புறம் முதலாளியே பேனாவை எடுத்து, திருப்பித் தூக்கியதை அடித்தார், வாடகையை அடித்தார், கிலோமீட்டரை ஆறாக்கினார். 9,600 வந்தது. "ரவுண்டா ஒன்பது குடுங்க."

பணமாகத் தர மாட்டேன் என்று நின்றேன். ஜிபேயில்தான் போட்டேன். குறிப்பில் 'கார் இழுவை மற்றும் ரிப்பேர், ஆட்சேபத்துடன்' என்று தட்டினேன். நான் உருப்படியாகச் செய்த காரியங்களில் இது ஒன்று. லாரியின் நம்பர் பிளேட் தெரிய ராத்திரியே எடுத்திருந்த போட்டோ இன்னொன்று. ஆனால் ஏட்டையா கிளம்பின அவசரத்தில், அவர் கேட்கச் சொன்ன பில்லைக் கேட்க மறந்தேன். அடித்துத் திருத்திய அந்த எஸ்டிமேட் தாள்தான் கையில்.

9.50-க்கு மண்டபத்துக்குள் ஓடினேன். பையன் என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினான். என் சட்டையில் கிரீஸ். ஆல்பத்தில் அப்படியே இருக்கிறது.

இனி இன்சூரன்ஸ் கதை. உங்கள் வண்டி வரவில்லை, அதனால் வெளியில் கொடுத்தேன், இழுவைப் பணத்தைக் கொடுங்கள் என்று எழுதினேன். பெயர், விலாசம், ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு சனிக்கிழமை கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, விழுப்புரம் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால் ஷெட் பூட்டு. எதிர் டீக்கடை அம்மா, "இன்னைக்கு அமாவாசையில்ல, எல்லாரும் மேல்மலையனூர் போயிட்டாங்க. ஊஞ்சல் பாத்துட்டு நாளைக்குத்தான் வருவாங்க" என்றார். போக வர ஒரு முழு நாள். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். போன் செய்து கேட்டால், "பில்லு புக்கு தீந்துபோச்சு சார்."

எஸ்டிமேட் தாள், பேங்க் ஸ்டேட்மென்ட், லாரி போட்டோ எல்லாம் சேர்த்து அனுப்பினேன். பதில்: "வாடிக்கையாளரே சேவையை ரத்து செய்ததாகப் பதிவாகியுள்ளது." எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பழைய எஸ்.எம்.எஸ்.களைத் தோண்டினேன். அன்றிரவு 10.52-க்கு அவர்களே அனுப்பியது கிடந்தது: சேவை வாகனம் கிடைக்காததால் கோரிக்கை முடிக்கப்பட்டது என்று. ஓ.டி.பி., விளம்பரம் என்று எல்லாவற்றையும் அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சோம்பேறித்தனத்துக்கும் ஒரு பலன்.

அதை வைத்துக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். 14 நாளில் பதில் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. பதினைந்தாம் நாள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிந்தேன். இணையம் வராதவர்கள் 155255-க்குப் போன் செய்தும் பதியலாம். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை. எனக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. ஆறாம் நாள் கம்பெனியிலிருந்து போன். குரலில் அவ்வளவு தேன். பாலிசியில் வெளி வண்டிக்கு உச்சவரம்பு 2,500. அதைக் கொடுத்தார்கள். இழுவைக்கு நான் அழுதது கிட்டத்தட்ட 6,000. மீதி என் வாய்க்கு அபராதம்.

ஷெட்காரரை விடுவதா என்று ஒரு யோசனை. நுகர்வோர் ஆணையத்தில், நாம் சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. 2 வருஷம் டைம் இருக்கிறது. 2019 சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், விழுப்புரத்துக்கு அலைய வேண்டாம். மனுவைக்கூட எழுதிவிட்டேன். எதிர்மனுதாரர் பெயர், விலாசம் என்ற இடம் மட்டும் காலி. பலகையில்லாத ஷெட்டுக்கு எந்தப் பேரை எழுதுவது? ஜிபேயில் வந்தது அவர் மச்சினன் பேர்.

பொங்கலன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கரும்பு, பானை, சூரியன். அன்றைக்குப் பணம் போட அந்த நம்பரைச் சேமித்திருந்தேன், அழிக்கவில்லை. படத்தின் அடியில், '24 மணி நேர ரெக்கவரி சர்வீஸ்', முழுப் பெயர், புரொப்ரைட்டர் போட்டோ, கதவு எண்ணோடு விலாசம், மூன்று போன் நம்பர். கீழே சின்ன எழுத்தில் ஜி.எஸ்.டி. எண்ணும் இருந்தது.

பதிலுக்கு நானும் பொங்கல் வாழ்த்து அனுப்பிவிட்டு, மனுவை எடுத்துக் காலி இடத்தை நிரப்பினேன்.