பெட் ஸ்கேனில் கதிர் நம் உடம்பிலிருந்துதான் வருகிறது

லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கீமோ பாதி முடிந்த நிலையில், பெட் ஸ்கேனும் சிடி ஸ்கேனும் சேர்ந்த பெட் சிடி எடுக்கச் சொன்னார்கள். எடுக்கப் போகிறவர்கள் பலருக்கும் இருக்கிற பயம், அந்தக் கருவி உடம்புக்குள் ஏதோ பெரிய கதிரைப் பாய்ச்சும் என்பது. சிடி பகுதி எக்ஸ்ரேதான், பாய்ச்சும். பெட் பகுதியில் கதிர் வருவது, ஊசியில் ஏற்றிய கதிரியக்க மருந்து பரவிய நம் உடம்பிலிருந்து. கருவி சுற்றி நின்று பார்க்க மட்டுமே செய்கிறது. இது புரிந்துவிட்டால் அன்று சொல்லப்படும் கட்டுப்பாடுகளில் முக்கால்வாசிக்குக் காரணம் தானாகத் தெரிந்துவிடும்.

முந்தின நாளே போனில் சொன்னார்கள்: ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம், வேகமான நடை, பாரம் தூக்குவது எதுவும் வேண்டாம். ஊசியில் ஏற்றுவது எஃப்டிஜி. குளுக்கோஸைப் போன்ற பொருள், அதில் கதிரியக்க ஃபுளோரின்-18 சேர்ந்திருக்கும். புற்றுநோய் செல்களில் பல, சர்க்கரையை அதிகமாக இழுக்கும். எஃப்டிஜியையும் அப்படியே இழுத்துக்கொண்டு, முழுசாக எரிக்க முடியாமல் உள்ளேயே வைத்திருக்கும். உழைத்த தசையும் இதையேதான் செய்யும். சாப்பிட்டுவிட்டுப் போனால் இன்சுலின் சுரந்து மருந்து தசைப் பக்கம் போய்விடும். சுகர் 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது குடலில் எஃப்டிஜியைச் சேர வைத்துப் படத்தைக் குழப்பும்.

நான் போன இடத்தில், இந்தக் கதிரியக்கப் பொருளைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் கிடையாது. மருந்து வெளியிலிருந்து வண்டியில் வர வேண்டும். வண்டி தாமதமானது, யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீமோவில் தளர்ந்த பெரியவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மனசு கஷ்டப்பட்டது. ஃபுளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய 110 நிமிடம். வழியிலேயே வீரியம் குறைந்துகொண்டே வரும் மருந்தை வாங்கி அடுக்கிவைக்க முடியாது. இதை யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் அங்கிருந்தவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடைந்திருப்பார்கள். 1976இல் முதன்முதலாக மனிதர்களுக்கு இதைக் கொடுத்தபோதும் இதே ஓட்டம்தான்: அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து ஃபிலடெல்ஃபியாவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள்.

சிரிஞ்சு கனமான உலோக உறைக்குள் வந்தது. ஊசி போட்டதும் டெக்னீஷியன் பெண், "அக்கா, இனிமே பேசாதீங்க, போனும் பார்க்க வேண்டாம், கண்ணை மூடிப் படுத்துக்கோங்க" என்று சொல்லிப் போர்த்திவிட்டார். பேசினால் குரல்வளைத் தசை மருந்தை எடுத்துக்கொள்ளும். குளிர்ந்தால் கழுத்து, தோள் பக்கத்துப் பழுப்புக் கொழுப்பு (உடம்புக்குச் சூடு தரும் கொழுப்பு) எடுத்துக்கொள்ளும். அதனால் இன்னொரு போர்வை கேட்கத் தயங்காதீர்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும்.

அந்த டெக்னீஷியன் நெஞ்சருகே ஒரு சின்ன பிளாஸ்டிக் பேட்ஜ் குத்தியிருந்தார். மேலே படும் கதிரை அளக்கும் இதை டிஎல்டி என்பார்கள். உள்ளே டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட் வில்லைகள் இருக்கும். மூன்று மாதம் அணிந்த பிறகு அது ஆய்வகத்துக்குப் போகும். வில்லையைச் சூடாக்கினால் ஒளிவிடும். அந்த ஒளியை அளந்து அவர் மேல் பட்ட கதிரைக் கணக்கிடுவார்கள். நமக்கு எப்போதோ ஒரு ஊசி, அவர்களுக்குத் தினமும் இதே வேலை. அந்த பேட்ஜைப் பார்த்ததும் அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது.

பெட் கருவியும் கதிரை ஒளியாக்கித்தான் பார்க்கிறது. ஃபுளோரினிலிருந்து வரும் பாசிட்ரான் (நேர் மின்னூட்டமுள்ள எலக்ட்ரான் மாதிரியான துகள்), பக்கத்து எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். நம்மைச் சுற்றியிருக்கும் வளையம் முழுக்கச் சின்னச் சின்னப் படிகங்கள். காமா பட்டதும் படிகம் மின்னும், பின்னாலிருக்கும் ஒளி உணரி அதைப் பிடித்துக்கொள்ளும். சில நானோ நொடிக்குள் எதிரெதிரே இரண்டு ஒளிப்பொறி பதிவானால், அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோதான் பாசிட்ரான் அழிந்திருக்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான கோடுகளிலிருந்து படம் உருவாகிறது. இதோடு சிடியைச் சேர்த்து ஒரே கருவியாக்கியவர்கள் டேவிட் டவுன்சென்டும் ரொனால்ட் நட்டும். அவர்களுடைய முன்மாதிரி 1998இல் பிட்ஸ்பர்க்கில் வேலைக்கு வந்தது.

மேஜையில் ஏறுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். மருந்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கியே வைத்திருப்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. முழங்கைக்கு அடியில் ஏதாவது வைக்கச் சொல்லிக் கேளுங்கள், வைப்பார்கள். அப்புறம் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்; அன்று முழுக்கக் குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கம் போக வேண்டாம் என்றார்கள். தம்பி வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் நான் மாடி அறையிலேயே இருந்துகொண்டேன்.

ரிப்போர்ட்டோடு வந்த படத்தில் மூளையும் சிறுநீர்ப்பையும் பளிச்சென்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. லிம்போமாவுக்கு டோவில் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். கட்டி இருந்த இடத்தைக் கல்லீரலோடும் நெஞ்சின் நடுவே ஓடும் ரத்தத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது. 4, 5 வந்தால்தான் கல்லீரலைவிட அதிகமாகத் தெரிகிறது என்று பொருள். எனக்கு 2 வந்தது. அதே மருந்தைத் தொடரலாம் என்றார் டாக்டர். அடுத்த கீமோவுக்குத் தேதி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.