பாம்பு ஏன் சீறுது?

வளர்க்குற பாம்பு ஒரு தடவ சீறுனாலே முரட்டுப் பாம்புன்னு முத்திரை குத்திடுறாங்க, கேட்டாலே மனசு கஷ்டமா இருக்கு, பாவம் அது பயந்துபோய் கிட்ட வராதன்னு சொல்லுது அவ்ளோதான். பால் பைத்தான்னு (ball python) ஒரு மலைப்பாம்பு வகை, அது தலைய நடுவுல மறைச்சு பந்து மாதிரி சுருண்டுக்கும், கார்ன் ஸ்னேக் வால படபடன்னு ஆட்டும், ஹாக்நோஸ்னு ஒரு பாம்பு இருக்கே, கழுத்தத் தட்டையாக்கி சீறும், வாயத் திறக்காமலே முட்டும், அப்பவும் நீங்க நகரலன்னா மல்லாந்து வாயப் பொளந்து செத்தாப்ல கெடக்கும், திருப்பிப் போட்டா மறுபடியும் மல்லாந்துக்கும்! எந்தப் பாம்பா இருந்தாலும் கழுத்த 'S' எழுத்து மாதிரி வளைச்சு பின்னால இழுத்துச்சுன்னா கைய எடுத்துடுங்க. தோல் உரிக்கிறதுக்கு முன்னாடி கண்ணு நீலம்பூத்து மங்கிடும், பார்வை சரியா தெரியாது, அப்போ தொடவே வேணாம் ப்ளீஸ். மத்த நேரத்துல மேலருந்து பிடிக்காம பக்கவாட்டுல மெதுவா போயி நடு உடம்பத் தாங்கி எடுங்க.